இணைப்பின் முகவரியும் பணத்தின் திசையும்

குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பு என்பது, தொட்டவுடன் இணையத்தின் ஓரிடத்துக்கு இட்டுச்செல்லும் முகவரியாகும். திரையில் தெரியும் எழுத்தும் அதன் அடியிலுள்ள முகவரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், ஏமாற்றுவோர் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கின்றனர்.

முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை வலமிருந்து இடமாகப் படித்தால், தளம் யாருடையது என்பது விளங்கும். "வங்கி.வேலைபதிவு.காம்" என்பதில் பணம் கொடுத்துப் பதிவுசெய்யப்பட்ட களப்பெயர் "வேலைபதிவு.காம்" மட்டுமே; முன்னுள்ள "வங்கி" என்னும் சொல்லைக் களப்பெயருக்கு உரியவர் விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், அது எதற்கும் சான்றாகாது. உலாவியில் தோன்றும் பூட்டுக் குறியும், தகவல் செல்லும் வழியில் பிறர் படிக்க இயலாது என்பதை உணர்த்துமேயன்றி, மறுமுனையில் இருப்பவரின் நேர்மைக்கு உறுதி தராது.

முகவரியைப் படிக்கத் தெரிந்தவரையும் வீழ்த்துவது வேலை மோசடி. காணொலிக்கு விருப்பம் தெரிவித்தல், ஓட்டலுக்கு மதிப்பெண் இடுதல் போன்ற எளிய பணிகளுக்கு முதலில் நூறு, இருநூறு ரூபாயை உண்மையாகவே அனுப்பி நம்பிக்கையை விதைப்பவர்கள், பின்னர் கூடுதல் வருவாய்க்கு முன்பணம் கேட்கின்றனர். போலிச் செயலியில் இலாபம் பெருகுவதுபோல் காட்டப்படும். அதை எடுக்க முயன்றால் வரி, கட்டணம் என மேலும் கேட்கப்படும். உழைப்பவருக்குக் கூலி வருவதே வேலையின் இயல்பு என்பதால், பணத்தின் திசை மாறும் கணமே மோசடியின் அடையாளமாகும்.

வெளிநாட்டு வேலை மோசடியில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் கணினிப் பணி என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, பிறரை இணையத்தில் ஏமாற்றும் வேலைக்கே கட்டாயப்படுத்தப்பட்டது 2022இல் வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர்கள் இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்றிருக்க வேண்டுமாதலால், அப்பதிவைச் சரிபார்க்காமல் பயணச்சீட்டை ஏற்கலாகாது.

பறிபோன பணம் பல கணக்குகளுக்கு விரைந்து மாற்றப்பட்டுவிடும். அதற்குள் 1930 என்ற தேசிய இணையக்குற்ற உதவி எண்ணை அழைத்தால், எஞ்சிய தொகையை வங்கிகள் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. ஏமாந்ததை வெட்கத்தால் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடியவருக்கே உதவுகிறது என்பதால், இழந்தவரைக் கடிந்துகொள்ளாமல் உடனே புகார் செய்யத் துணைநிற்பதே குடும்பத்தினர் செய்யத்தக்க முதல் உதவி.