கல்லூரி மாறும்போது பரிந்துரைக் கடிதம்: யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஓரிரு ஆண்டுகள் படித்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது சர்வசாதாரணம். செலவைக் குறைப்பதற்காகவே முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி கல்லூரியில் முடிப்பவர்களும் உண்டு. நமது பிள்ளைகளில் சிலரும் இந்த வழியில் போகிறார்கள். மதிப்பெண் பட்டியல், கட்டுரை எல்லாம் தயாராகிவிடும். பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில், கடிதம் தேவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற வளாகங்கள்) பொதுவாக மாற்று விண்ணப்பத்துடன் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. அங்கே மட்டும் விண்ணப்பிப்பவர் இதற்காக அலைய வேண்டியதில்லை. ஆனால் பல தனியார் பல்கலைக்கழகங்கள் ஒன்று அல்லது இரண்டு கடிதங்கள் கேட்கின்றன. அவற்றைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்களே எழுத வேண்டும் என்றும் சொல்கின்றன.

இங்கேதான் நமது ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. கடிதம் என்றதும் நமக்குப் பதவியும் லெட்டர்ஹெட்டும்தான் நினைவுக்கு வரும். தெரிந்த எம்.எல்.ஏ., வாப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் மேனேஜர், குடும்பத்துக்கு வேண்டிய டாக்டர் என்று தேடுவோம். சேர்க்கை அலுவலகத்துக்கு இவர்களால் பயனில்லை. இந்த மாணவர் வகுப்பில் எப்படிப் படித்தார், சந்தேகம் கேட்டாரா, தவறைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொண்டாரா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். அதை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். துறைத்தலைவரே எழுதினாலும், "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்ற இரண்டு வரிக்கு மேல் அவரிடம் சொல்ல எதுவும் இருக்காது. மாணவரின் கட்டுரையை மூன்று முறை திருத்திக் கொடுத்த பகுதிநேர ஆசிரியரிடம் ஒரு பக்கத்துக்கு விஷயம் இருக்கும். பதவியில் சிறியவர்தான், ஆனாலும் அவரையே தேர்ந்தெடுக்கலாம் என்பதே நமது கருத்து.

மதிப்பெண் விஷயத்திலும் இதே கணக்குதான். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கியிருக்கலாம். அந்தப் பேராசிரியருக்கு மாணவரின் முகமே தெரியாது. இருபது பேர் வகுப்பில் முதல் தேர்வில் சறுக்கி, ஆசிரியரின் அறைக்குப் போய்க் கேட்டுப் படித்து, கடைசியில் பி பிளஸ் வாங்கியவரைப் பற்றி ஆசிரியரால் ஒரு கதையே சொல்ல முடியும். ஆனால் சேர விரும்பும் துறைக்கு அடிப்படையான பாடத்தில் மதிப்பெண் மிகக் குறைவு என்றால் அந்த ஆசிரியரைத் தவிர்ப்பது நல்லது. பொறியியலுக்கு விண்ணப்பிப்பவர் கணிதம் அல்லது இயற்பியல் ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது கடிதம் எழுத்துப் பயிற்சி, வரலாறு போன்ற வேறு பாடத்திலிருந்து வந்தால் மாணவரின் இன்னொரு பக்கமும் தெரியும்.

முதல் ஆண்டிலேயே மாற நினைப்பவருக்குச் சிக்கல் அதிகம். இலையுதிர் காலச் சேர்க்கைக்குப் பல கல்லூரிகளின் கடைசி நாள் மார்ச் மாதத்தில் வந்துவிடும். அப்போது முழுதாக முடிந்திருப்பது ஒரே ஒரு செமஸ்டர். எனவே முதல் செமஸ்டரிலேயே ஒரு சிறிய வகுப்பையாவது எடுத்து, ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்தில் அடிக்கடி போய்ப் பேச வேண்டும். நமது பிள்ளைகள் இதில் கூச்சப்படுகிறார்கள். ஆசிரியரின் அறைக்குப் போனால் தொந்தரவு என்று எண்ணுகிறார்கள். அங்கே அது ஆசிரியரின் வேலையில் ஒரு பகுதி.

"இந்தக் கல்லூரியை விட்டுப் போகிறேன் என்று இங்குள்ள ஆசிரியரிடமே எப்படிச் சொல்வது?" என்ற தயக்கமும் உண்டு. பெரும்பாலான ஆசிரியர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லூரியைக் குறை சொல்லாமல், போகும் இடத்தில் என்ன படிக்க விரும்புகிறோம் என்பதைச் சொன்னால் போதும். "எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். வற்புறுத்தி வாங்கும் கடிதம் உள்ளே என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவரே எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தையும், ஏஜென்ட் எழுதித் தரும் கடிதத்தையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். காமன் ஆப் போன்ற இணைய விண்ணப்பங்களில் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு போகும். அவரே நேரடியாகப் பதிவேற்றுவார். பொய்க் கடிதம் என்று தெரிந்தால், கிடைத்த இடத்தையும் ரத்து செய்துவிட முடியும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேர்ந்த பிறகு தனது கோப்பில் உள்ள கடிதத்தைப் பார்க்க மாணவருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பம் கேட்கும். விட்டுக்கொடுத்தால்தான் ஆசிரியர் மனம் திறந்து எழுதுவார், படிப்பவரும் நம்புவார்.

கல்லூரி அலுவலகம் நிரப்பித் தரும் நன்னிலை அறிக்கையைப் பரிந்துரைக் கடிதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மாணவர் மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்பது போன்ற விவரங்களுக்கானது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு மாத அவகாசமாவது கொடுங்கள். அவரிடம் எழுதிய கட்டுரை, மதிப்பெண் பட்டியல், கல்லூரிகளின் பெயர், கடைசி நாள் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, கடிதம் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பணிவாக நினைவூட்டலாம். இணைப்பு அவரது ஸ்பேம் பெட்டியில் கிடக்கவும் வாய்ப்பு உண்டு.