கணினி குடியேறிய காலணி

ஓட்டக் காலணிக்குள் மின்னணுக் கருவிகளைப் பொருத்துவதற்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. ஓடுபவரின் தூரத்தையும் வேகத்தையும் அளப்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே காலணி தன் மென்மையை மாற்றிக்கொள்ளச் செய்வது மற்றொன்று.

முதலில் வந்தவை அளக்கும் காலணிகள். 1984இல் அடிடாஸ் வெளியிட்ட மைக்ரோபேசரில், இடது ஷூவின் முன்பகுதியில் ஒரு சென்சாரும் லேஸ் கட்டும் இடத்தின் மேல் ஒரு சிறு திரையும் இருந்தன. ஓடிய தூரம், வேகம், செலவான கலோரி ஆகியவை திரையில் தெரிந்தன. 1986இல் வந்த பூமாவின் ஆர்.எஸ். கம்ப்யூட்டர் ஷூவில் கருவி குதிகால் பக்கம் இருந்தது. ஓட்டம் முடிந்ததும் ஷூவை ஒயர் மூலம் ஆப்பிள் 2இ, காமடோர் 64 போன்ற கணினிகளுடன் இணைத்து விவரங்களைப் பார்க்க முடிந்தது.

தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் காலணிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2005இல் 250 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த அடிடாஸ் 1. இதன் குதிகாலில் மேலே ஒரு காந்தப்புல சென்சாரும் கீழே ஒரு சிறு காந்தமும் இருந்தன. கால் தரையில் ஊன்றும்போது குதிகால் அமுங்கி இரண்டுக்கும் இடையிலான தொலைவு குறையும். அதற்கேற்பக் காந்தப்புலத்தின் வலிமை மாறும். சென்சார் இதை நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை அளந்தது. குதிகால் அளவுக்கு மீறி அமுங்குகிறதா, போதிய அளவு அமுங்கவில்லையா என்பதை நுண்செயலி கணக்கிட்டது. கால் அந்தரத்தில் இருக்கும்போது ஒரு சிறு மோட்டார் திருகைச் சுழற்றி, அதனுடன் இணைந்த கம்பியை இறுக்கும் அல்லது தளர்த்தும். கம்பி இறுகினால் குதிகால் விறைப்பாகும், தளர்ந்தால் மென்மையாகும். புல்தரையிலிருந்து தார்ச்சாலைக்கு மாறினால், சில அடிகளுக்குள் காலணியும் அதற்கேற்ப மாறியது.

நுட்பத்தில் இது அருமையான சாதனை. ஆனால் மோட்டாரும் பேட்டரியும் விலையையும் எடையையும் கூட்டின. ஓட்டக்காரருக்குக் காலில் கூடும் ஒவ்வொரு கிராமும் சுமைதான். சில ஆண்டுகளிலேயே இதன் உற்பத்தி நின்றுபோனது.

அளக்கும் முறை மட்டும் வளர்ந்தது. 2006இல் நைக்கியும் ஆப்பிளும் இணைந்து, இடது ஷூவின் உள்ளட்டைக்குக் கீழே வைக்கும் ஒரு சென்சாரை வெளியிட்டன. பாதம் தரையில் பதிந்திருக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணித்து, அந்த விவரத்தை அது கம்பியின்றி ஐபாட் நானோவுக்கு அனுப்பியது. பின்னர் வந்த கருவிகள் முடுக்கமானியையும் சுழற்சியை அளக்கும் சென்சாரையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. இவற்றின் கணக்கில் சிறு பிழைகள் அடிக்கு அடி சேர்ந்துகொண்டே போகும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் பாதம் ஒரு கணம் தரையில் அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் வேகத்தைச் சுழியமாகக் கொண்டு, சேர்ந்த பிழையைத் திருத்திவிடலாம். கையில் கட்டும் கடிகாரத்துக்கு இல்லாத வசதி இது.

காலணியின் ஆயுள்தான் மீதமுள்ள சிக்கல். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஓட்டக் காலணியின் மெத்தைப்பகுதி தளர்ந்துவிடும். உள்ளேயே பதித்த சென்சார் நல்ல நிலையில் இருந்தாலும் ஷூவோடு குப்பைக்குப் போகும். அதிலுள்ள பேட்டரி மின்னணுக் கழிவாகும். லேஸில் மாட்டிக் கழற்றும் சென்சாரையோ அடுத்த ஷூவுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வாங்குபவருக்குச் செலவிலும் சுற்றுச்சூழல் நலனிலும் ஏற்றது அதுவே.