குழாய் வட்டமாக இருக்கிறதா?

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் எஃகுக் குழாய்களை ஏற்றிச் செல்லும் லாரிகளை நம்மில் பலர் கண்டிருப்போம். பார்வைக்கு அவை வட்டங்களே. ஆனால் அளந்து பார்த்தால் எந்தக் குழாயும் முழு வட்டமன்று. பட்டறைகளில் இக்குறையை 'ஓவாலிட்டி' என்பார்கள்.

காலிப்பரைச் சுற்றிச் சுற்றி வைத்து, மிகப் பெரிய வெளிவிட்டத்தையும் மிகச் சிறியதையும் காண வேண்டும். வேறுபாடே ஓவாலிட்டி. 610 மி.மீ. குழாயில் அவை 616, 604 என்றால் வேறுபாடு 12 மி.மீ.; அதாவது ஏறத்தாழ 2 சதவீதம். எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கான ஏ.பி.ஐ. 5எல் தரவிதி, இந்த அளவுள்ள குழாயின் நடுப்பகுதியில் 2 சதவீதம் வரை அனுமதிக்கிறது, முனைகளில் 1.5 சதவீதமே. ஆகவே நடுவில் தேறும் பிறழ்வு முனையில் தேறாது. முனையோடு முனை பற்றவைக்கும்போது ஒரு விளிம்பு மற்றதைவிட மேலேறி நின்றால் இணைப்பு வலுவிழக்கும் அல்லவா?

சுற்றளவு நாடா இங்கே உதவாது. குழாய் நசுங்கினாலும் சுற்றளவு மாறுவதில்லை. காலிப்பரும் ஏமாறும் என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. மூன்று புடைப்புகள் கொண்ட சில வடிவங்களுக்கு எத்திசையில் அளந்தாலும் ஒரே விட்டம் வரும். 1986-இல் சாலஞ்சர் விண்கலம் சிதறியதை ஆராய்ந்த குழுவிலிருந்த இயற்பியலறிஞர் ஃபெயின்மன், மூன்று விட்டங்களை மட்டும் அளந்து ராக்கெட் உறையை வட்டமென்று கொள்வது போதாது எனச் சுட்டிக்காட்டினார். குழாயின் மேல் வளைவு டெம்ப்ளேட்டை வைத்துப் பார்த்தால் இப்புடைப்பு வெளிப்பட்டுவிடும்.

கொச்சியிலிருந்து சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்கு கெயில் நிறுவனம் வகுத்த எரிவாயுப் பாதையை விளைநிலம் பறிபோகுமென்று விவசாயிகள் எதிர்த்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை அனுமதித்தது. வயலுக்கடியில் கிடக்கும் குழாயை மேல்மண்ணும் வண்டிகளும் அழுத்தித் தட்டையாக்கப் பார்க்கும். வாயுவின் அழுத்தம் அதை மீண்டும் வட்டமாக்க முயலும். எனவே காலியாக இருக்கும்போதே அபாயம் அதிகம். பக்கவாட்டு மண்ணைத் திமிசு போட்டு இறுக்குவது வெறும் சடங்கன்று. குழாய்க்கு அதுவே தாங்கல்.

புதைத்தபின் காலிப்பருக்கு வேலையில்லை. உள்விட்டத்தில் சுமார் 95 சதவீதம் அகலமுள்ள அலுமினியத் தட்டைப் பொருத்திய 'பிக்' என்னும் கருவியைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். தட்டு வளையாமல் மறுமுனைக்கு வந்தால் சரி. வளைந்திருந்தால் குறை உண்டு என்று மட்டும் தெரியும். எந்த இடம் என்பதை மின்னணு உணர்கருவிகள் பொருத்திய மற்றொரு பிக் சொல்லும். அங்கே மறுபடியும் வயலைத் தோண்ட வேண்டும்.