அழிக்கப்படும் காணொளிகள்

பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயின்று, நல்ல மதிப்பெண்ணும் பெற்ற தமிழ்வழி மாணவர், நேர்முகத் தேர்வில் தம் ஊரைப் பற்றி நான்கு வாக்கியம் கூற நா எழாது நிற்கும் காட்சி நமக்குப் புதிதன்று. அறிவுக்குறைவு இதற்குக் காரணமன்று. அவர் அம்மொழியை எழுதியிருக்கிறாரேயன்றிப் பேசியதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதையும் பேச்சுக்கே ஒதுக்கினாலும் ஒருவருக்குக் கிட்டுவது ஒரு நிமிடமே. அதிலும் பின்வரிசையின் நகைப்பொலி வேறு!

மாணவர் தாம் ஆங்கிலத்தில் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து ஆசிரியரிடம் அளிக்கும் முறை இக்குறைக்கு நல்ல மருந்தாகும். பெற்றோருள் சிலர் இதை வீண் விளையாட்டென்று கடிந்துகொள்கின்றனர். வேறு சிலர் பிள்ளையின் காணொளியை உற்றார் அனைவருக்கும் அனுப்பிப் பெருமிதம் கொள்கின்றனர். இரண்டும் தகாது என்போம்.

ஏனெனில், இம்முறையின் பயன் ஆசிரியரை வந்தடையும் இரண்டு நிமிடக் காணொளியில் இல்லை. மனம் நிறைவுறாது பிள்ளை அழித்துவிட்ட ஐந்தாறு காணொளிகளில் இருக்கிறது. வகுப்பில் ஒரு நிமிடமும் வாய் திறவாத பிள்ளை, வீட்டின் மூலையில் பத்து நிமிடம் பேசிவிடுகிறதல்லவா? பிறமொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் போதாது, பேசவும் முயல வேண்டும் என்பதை மெரில் சுவெய்ன் என்ற மொழியியல் அறிஞர் 1985ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். சொல்ல முயன்று திணறும்போதுதான் தனக்கு எந்தச் சொல் இல்லை என்பது தெரியவரும்.

செவிக்கும் பயிற்சி உண்டு. 'ரெக்கார்ட்' என்னும் ஆங்கிலச் சொல் பெயராகும்போது முதல் அசையில் அழுத்தம் பெறும். வினையாகும்போது இரண்டாம் அசையில். தமிழில் இவ்வாறு அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லையாதலால், பேசும்போது பிழை புலப்படாது. தன் குரலைத் தானே திரும்பக் கேட்கும்போது பிடிபட வாய்ப்புண்டு.

கட்டுரையை எழுதி வைத்துப் படித்தால் இவையெல்லாம் பாழ். ஒரு துண்டுத்தாளில் ஐந்து சொற்கள் போதும். பொருளும் அருகிலேயே கிடைக்கும்: தாய் பணியாரம் சுடுவது, தந்தை வலை பின்னுவது. ஆசிரியரும் எல்லாப் பிழைகளையும் சுட்டாமல், ஒன்றிரண்டை மட்டும் திருத்துவது நன்று.

காணொளி வெளியே பரவினால், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஏளனமும் இன்னலும் நேரலாம். பிறகு அப்பிள்ளை வாயே திறவாது. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதோர் திறத்தில் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. முகம் தெரிய வேண்டுமென்ற கட்டாயமே இல்லை. வேலை செய்யும் கைகளைக் காட்டிக் குரலை மட்டும் சேர்த்தாலும் பயிற்சி பயிற்சியே.

வீட்டிற்கு ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும் என்பார் உளர். நான்கு பிள்ளைகள் ஒன்றுகூடி மாலையில் ஒரு கைப்பேசியைக் கொண்டே இதைச் செய்யலாம். படம் பிடிப்பவரும் வாளா இராமல், இடையிடையே ஆங்கிலத்திலேயே வினாத் தொடுக்கட்டும்.