அட்டையின் இரு பக்கங்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மருந்து விளம்பரங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருவழக்காயிருந்த வண்ண விளம்பர அட்டைகள், அச்சுக்கலை வரலாற்றுக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் பொதுவான சான்றுகளாகும். முகப்பையும் பின்புறத்தையும் ஒருசேரப் படிக்கும்போதே அவை முழுப்பொருள் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

‘காப்புரிமை மருந்து’ என்னும் பெயர் முதற்கண் விளக்கம் வேண்டுவது. இம்மருந்துகளுட் பெரும்பாலானவை காப்புரிமை பெற்றவை அல்ல. பெற்றிருப்பின் கலவையை வெளியிட நேர்ந்திருக்கும். ஆகவே உரிமையாளர்கள் பெயரையும் சின்னத்தையும் வணிகக்குறியாகக் காத்துக்கொண்டு, கலவையை மறைவாகவே வைத்திருந்தனர்.

வண்ணக் கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் அமைத்து, ஒரே தாளைப் பன்முறை அச்சேற்றினர். 1876ஆம் ஆண்டுப் பிலடெல்பியாக் கண்காட்சிக்குப் பின் இவ்வட்டைகள் பெருகின. கடைகளில் இலவசமாகக் கிடைத்த அவற்றைப் பெண்களும் சிறுவரும் ஏடுகளில் ஒட்டிச் சேர்த்தனர். முகப்பில் மலரும் பூனைக்குட்டியும் தாயும் சேயும் இருக்கும். பின்புறத்தில் தீரும் நோய்களின் பட்டியலும் பயன்பெற்றோரின் பாராட்டும் இருக்கும்.

இரு மருந்துகளை ஒப்பிடுவோம். ஆல்பனி நகரத்து லாயிட் நிறுவனத்தின் 1885ஆம் ஆண்டு அட்டையில், குச்சிகளை அடுக்கி விளையாடும் குழந்தைகளின் படத்தோடு, 15 சென்ட் விலையுள்ள பல்வலித் துளிமருந்து விளம்பரமாகியது. அதன் பெயரிலேயே கொக்கெயின் இருந்தது. பல் முளைக்கும் குழந்தைகளுக்கென விற்ற ‘திருமதி வின்ஸ்லோவின் அமைதிப் பாகு’ அட்டைகளிலோ தாயும் சேயும் இன்புற்றிருப்பர். பாகில் கலந்திருந்த மார்பின் பற்றி ஒரு சொல்லும் இராது. கொக்கெயின் அன்று வலிநீக்கும் புதுமை. மார்பினோ அபினியிலிருந்து எடுக்கப்பட்டது. விற்பனைக்கு உதவிய பொருள் பெயராயிற்று; தாயை அச்சுறுத்தக்கூடிய பொருள் மறைந்தது. இத்தகைய பாகுகளை அருந்தி உறங்கிய குழந்தைகளுட் சிலர் மீண்டும் விழிக்கவில்லை.

அபினி, மார்பின், கொக்கெயின், மதுசாரம் முதலியவற்றின் அளவைப் பெயர்ச்சீட்டில் குறித்தாக வேண்டும் என்று 1906ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அது அவற்றைத் தடைசெய்யவில்லை, மறைப்பதையே தடுத்தது.

ஏடுகளில் ஒட்டப்பட்ட அட்டைகளின் பின்புறம் இன்று பசைக்கடியில் கிடக்கிறது. முகப்பை மட்டும் படியெடுக்கும் நூலகத்தில் ஓவியம் எஞ்சும். நோயாளிக்கு அளித்த வாக்குறுதி எஞ்சாது. எனவே அட்டவணையில் இரு பக்கங்களையும் பதிவுசெய்தல் வேண்டும். பின்புறத்தைப் படிக்க இயலாவிடின் அதனையும் குறித்தல் வேண்டும்.