மூக்கைப் பிடிக்கலாம், மாத்திரையை விட வேண்டாம்

"ஒரு மண்டலம் நாடி சுத்தி செய்யுங்கள், சுகர், பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்." இப்படி ஒரு போஸ்டர் வந்து விழாத வாட்ஸ்அப் குடும்பக் குழு இன்று அரிது. கட்டணம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

நாடி சுத்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டை விரலால் வலது நாசியை மூடி, இடது வழியே இழுத்து, மோதிர விரலால் இடதை மூடி வலது வழியே விடுவது. பிறகு வலதில் இழுத்து இடதில் விடுவது. அது ஒரு சுற்று. நிதானமாகச் செய்தால் படபடப்பு அடங்கும், நாடித் துடிப்பு குறையும். இரண்டு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி அடைபட்டுத் திறப்பதை ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895-இல் பதிவு செய்தார். நம் ஊரில் சரம் பார்ப்பது என்று அதற்கொரு தனிக் கலையே உண்டு. அதையும் ரத்தச் சர்க்கரையையும் முடிச்சுப் போடுவதுதான் வியாபாரம்.

ஆபத்து பெரும்பாலும் மூச்சை அடக்குவதில் வருகிறது. இழுக்க 16, அடக்க 64, விட 32 என்பது திருமந்திரம் சொல்லும் கணக்கு. குருவின் பக்கத்தில் இருந்து படிப்படியாகப் பழக வேண்டியதை முதல் வாரமே ஆன்லைனில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதியும் இவர்களுக்கு ஆகாது. ஆரோக்கியமாக இருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அதை மிகையாகச் செய்ததில் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கியது 2004-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. தலைசுற்றல், விரல் மரத்துப்போதல், நெஞ்சுவலி வந்தால் உடனே நிறுத்துங்கள். "கழிவு வெளியேறுகிறது" என்று சமாதானம் சொல்பவரை நம்ப வேண்டாம். நெஞ்சுவலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ இன்ஹேலரையோ நிறுத்துவது. அதைச் சொல்லும் உரிமை மருந்து எழுதிய டாக்டருக்கு மட்டுமே.

காசு கொடுத்து வகுப்பில் சேர்ந்தவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர். "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே பதிவு, மாத்திரையை நிறுத்தச் சொன்ன குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். வழக்கு நிற்பது இவற்றின் மேல்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். வகுப்போடு சேர்த்து லேகியமோ சூரணமோ விற்று, அது நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தால், மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தனிக் குற்றம்.

முறையாகக் கற்க வழி இருக்கிறது. தமிழகத்தில் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உண்டு. அங்கே இருப்பவர்கள் ஐந்தரை ஆண்டு படித்த பி.என்.ஒய்.எஸ். மருத்துவர்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.