ஷிப்மெண்ட் போன பிறகு ஒரு மணி நேரம்



திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் ஷிப்மெண்ட் ஆனதும் கணக்குப் பார்ப்பார்கள். எத்தனை பீஸ் போயிற்று, எத்தனை கழிந்தது, நூலுக்கும் சாயத்துக்கும் எவ்வளவு ஆயிற்று என்று எல்லாம் எழுதப்படும். பவர் டேபிளில் இரவு வரை உட்கார்ந்தவருக்கும் செக்கிங்கில் நாள் முழுவதும் நின்றவருக்கும் அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்பது அபூர்வம். அப்படிக் கேட்கும் ஒரு முறையைப் பற்றி இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இது கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதும் குழுக்களில் பரவிய முறை. வேலையில் ஒரு கட்டம் முடிந்ததும், சேர்ந்து உழைத்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இதைப் பற்றி 2001-ல் புத்தகம் எழுதிய நார்மன் கெர்த், அன்று தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் செய்தார்கள் என்று நம்பியே கூட்டத்தைத் தொடங்கவேண்டும் என்றார்.

கேள்விகள் மூன்று. என்ன நடந்தது? அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது? அடுத்த முறை எதை மாற்றலாம்?

இரண்டாவது கேள்விதான் கடினம். "பரவாயில்லைங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் அந்த வாரத்தின் நாட்களை ஒரு தாளில் கட்டம் போட்டு, மனம் கனத்த நாளில் ஒரு பட்டனை வைக்கச் சொல்லலாம். எழுதத் தெரியாதவரும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தமிழ் பழகாதவரும் இதில் சேரலாம். வியாழக்கிழமையில் பட்டன்கள் குவிந்தால், அன்று துணி தாமதமாக வந்ததா, எல்லோர் முன்னும் ஒருவரைத் திட்டினார்களா என்று பேச்சு தானாகத் தொடங்கும்.

ஆனால் பயம் இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் திண்டுக்கல் மாவட்ட ஆலையில் வேலை செய்த 20 வயதுப் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அதன்பின் 2022 ஏப்ரலில் நிறுவனமும், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், வேறு தொழிலாளர் அமைப்புகளும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் உடன்பட்டது. தொழிலாளர்களுக்குள்ளேயே சிலர் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது நிபந்தனை. முதல் ஆண்டில் 185 குறைகள் சொல்லப்பட்டன, 182 தீர்க்கப்பட்டன. பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடமே சொல்லலாம், சொன்னால் வேலை போகாது என்ற உறுதி கிடைத்ததும் மனதில் இருந்தது வெளியே வந்தது.

உங்களில் சிலர் கம்பெனி நடத்துகிறீர்கள். சிலர் பள்ளியிலோ வார்டிலோ பலரை வைத்து வேலை வாங்குகிறீர்கள். இந்தக் கூட்டத்தைத் தொடங்க விரும்பினால், மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் நடத்தட்டும். வேலை நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி கொடுங்கள். யார் என்ன சொன்னார் என்பது வட்டத்தைவிட்டு வெளியே போகவேண்டாம். சொன்னவற்றில் ஒரு காரியத்தையாவது அடுத்த வாரத்துக்குள் மாற்றிக் காட்டுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் மறுபடியும் "பரவாயில்லைங்க" என்றுதான் சொல்வார்கள்.